நத்தை மருந்துக்கு நான் குறித்த நாள்

திரேஸ்புரம் போகும் வழியில் ஒரு சங்கு கிட்டங்கி இருக்கிறது. பேருந்து அந்தப் பக்கம் திரும்பியதும், யாரும் சொல்லாமலே, உள்ளே இருக்கிற அத்தனை பேர் கையும் மூக்குக்குப் போய்விடும். சதை அழுகி உதிரட்டும் என்று குவித்துப் போட்ட சங்குகள். பிணவாடை என்பார்கள். எனக்கு அப்படியில்லை. ஈரச் சாக்கு, கெட்டுப்போன முட்டை, உப்பு, கொஞ்சம் அவமானம், இந்த நான்கும் சேர்ந்த வாசம் அது. முதல் மூன்றும் எல்லாருக்கும் அடிக்கும். நான்காவது எனக்கு மட்டும்.

போன வாரம் அந்தத் திருப்பத்தில் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி. பக்கத்து இருக்கைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். அந்த மூச்சோடு டாக்டரம்மா வந்துவிட்டார், அவருடைய நத்தைகளோடும், நான் எழுதிய அந்த ஒற்றை வரியோடும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வருவதைக் காகிதத்தில் இறக்குவது. சரக்கு ஏன் தாமதம், பெட்டி ஏன் நனைந்தது, குற்றம் எப்படி எங்களுடையது அல்ல என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன். மற்ற நேரத்தில் உரைநடையாக இருந்துகொண்டே கவிதையாகவும் நடந்துகொள்ளும் எதையோ எழுதுவேன். புத்தகம் இரண்டு வந்திருக்கிறது. மில்லர்புரத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அவை பத்திரமாக இருக்கின்றன. இரண்டு வகை எழுத்துக்கும் நடுவே சுவர் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை என்று பிறகு தெரிந்தது.

டாக்டரம்மா முதலில் வந்தது ஒரு குளிர்பெட்டிக்காக. மருத்துவர் அல்ல அவர். ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர் பட்டம். ஊருக்குள் ஒரு கல்லூரியில் ஒப்பந்த வேலை. நாற்பதைத் தாண்டியவர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அக்ரகாரத்துப் பெண், முட்டை கூடச் சாப்பிடாதவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கடல் நத்தையை அறுத்து அதன் விஷப்பையை எடுத்துக்கொண்டிருப்பார்.

"வீட்டுல என்ன சொல்லுவாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சங்கு சம்பந்தப்பட்ட வேலைன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன் சார். பெருமாள் கையில இருக்கிறதுதானேன்னு விட்டுட்டா."

அவருடைய குளிர்பெட்டி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து யார்டில் நின்றுகொண்டிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. ஆய்வுக்கூடத்துக்கு என்றால் சுங்கத் தீர்வையில் சலுகை உண்டு. ஆய்வுக்கூடத்துக்குத்தானா என்பதில் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம்.

"ஐஸ்கிரீம் கம்பெனியாம்மா?"

"இல்ல சார். நத்தை."

"நத்தைக்கு எதுக்கு இம்புட்டுக் குளிரு? அது பாட்டுக்குக் கடல்லதான கெடக்கு."

"நத்தைக்கு இல்ல சார். அதோட விஷத்துக்கு."

அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "விஷம்னு காகிதத்துல எங்கயும் போடலையே," என்று என்னைப் பார்த்தார். ஆய்வுப் பொருள் என்று போட்டிருப்பதைக் காட்டினேன். விஷத்தைவிட ஆய்வுதான் அவரைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பெட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதை வாங்கிய ஆராய்ச்சித் திட்டம் அதற்குள் முடிந்திருந்தது. அரசாங்கத்தின் காலமும் கப்பலின் காலமும் சந்தித்துக்கொள்வதில்லை. திட்டம் முடிந்தால் டாக்டரம்மாவின் வேலையும் முடிந்தது. புதிய திட்டம் கிடைத்தால் பெட்டிக்குள் விஷம் இருக்கும், அவருக்கு மேசை இருக்கும். கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பெருமாள் கையில் இருக்கிற சங்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

விண்ணப்பத்தின் கடைசி நாளன்று கல்லூரியில் இணையம் படுத்துவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். எல்லாம் முடிந்து ஒரு கட்டம் மட்டும் சிவப்பாகவே நின்றது. 'எதிர்பார்க்கப்படும் பயன்.'

அவர் எழுதியிருந்தது இரண்டே வாக்கியம். ஒரு நத்தை தன்னைவிட வேகமான மீனை எப்படிப் பிடிக்கிறது என்பது தெரியவரும். அதனால் என்ன பயன் என்பது இப்போது தெரியாது.

எவ்வளவு அழகான வாக்கியங்கள். நான் இருபது வருடமாக எழுத முயன்று தோற்றவை. ஆனால் இணையதளம் ஏற்கவில்லை. போதுமான எழுத்துகள் இல்லையாம். பக்கத்தில் இன்னொரு கட்டம், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியது: மருந்து, கருவி, காப்புரிமை. 'தெரியாது' பட்டியலில் இல்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே அது கலெக்டராகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, அப்போதுதான் பிரசவச் செலவுக்குத் தருவோம் என்று கேட்பதுபோல.

"இங்கன தாங்க," என்றேன். என் வாழ்வின் மோசமான இரண்டு சொற்கள்.

அவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். வேறொரு கடலின் நத்தையிலிருந்து வெளிநாட்டில் ஒரு வலி மருந்து வந்திருக்கிறது. எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிக்கு. அதை முதலில் தொடங்கியவர்கள் மருந்து தேடவில்லை, நத்தை எப்படிக் கொல்கிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மருந்துக் கடைக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மூளை, இருபது வருடத்தை மட்டும் கீழே போட்டுவிட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டது. நனைந்த சரக்குக்கு வருத்தம் தெரிவிக்கும் அதே ஆங்கிலத்தில் எழுதினேன். மன்னார் வளைகுடாவின் ஆழத்தில் மனித வலிக்கு ஒரு பதில் உறங்குகிறது என்று ஆரம்பித்து, மூன்று வருடத்துக்குள் அது மருந்தாக எழுந்து வரும் என்று முடித்தேன். பட்டியலில் 'மருந்து' என்பதை அழுத்தினேன். சிவப்பு பச்சையாயிற்று.

அவர் படித்தார். "சார், இது பொய்."

"பொய் இல்லம்மா. இன்னும் நடக்காத உண்மை."

"இருபது வருசத்துக்கு மேல ஆச்சுன்னு சொன்னேன்ல."

"கப்பல் இருபது வருசத்துல வரும்னு எழுதினா எந்தப் பார்ட்டிம்மா சரக்கு ஏத்துவான்?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இருபது நிமிடம். என் வரியைப் பார்த்தார். மறுபடி கடிகாரம். பிறகு தன் விரலாலேயே அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அதை இப்போது சொல்வது பழியைப் பங்கு போடுவதற்காக அல்ல. அழுத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன், பார்த்தும் எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

திட்டம் கிடைத்தது. மூன்று வருடம்.

மகிழ்ச்சியில் நான் அடுத்த தவறையும் செய்தேன். கல்லூரி கேட்டதென்று தமிழில் ஒரு செய்திக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். உள்ளூர்ப் பத்திரிகை அதில் பாதியை வெட்டிவிட்டு, தூத்துக்குடி நத்தையில் வலி மருந்து என்று தலைப்புப் போட்டது.

மறுநாளிலிருந்து ஆய்வுக்கூடத்து வாசலில் ஆட்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் வேட்டியை ஏற்றி இரண்டு முழங்காலையும் காட்டினார். மாப்பிள்ளையூரணியிலிருந்து ஓர் அம்மா மாமியாருக்காகக் காலிப் பாட்டில் கொண்டுவந்திருந்தார், தைலம் ஊற்றிக்கொண்டு போக. "மூணு வருசம் ஆகும்னா அது முழுசா ஆகுறதுக்கு. இப்ப ஆனமட்டும் குடுங்களேன்," என்றார். டாக்டரம்மா கதவில் ஒரு தாள் ஒட்டினார்: இங்கு மருந்து தரப்படாது, நான் அந்த டாக்டர் இல்லை. யாரோ அதற்குக் கீழே பேனாவால் எழுதிவிட்டுப் போனார்கள்: அப்ப எந்த டாக்டர்?

நத்தை கொண்டுவந்து தர ஓர் ஆள் தேவைப்பட்டது. சங்கு குளிக்கிற ஒருவரைக் கல்லூரிக் காவலாளி கூட்டிவந்தார். என் வயதுதான் இருக்கும். கட்டையான உடம்பு, பேசும்போது எப்போதும் இடது காதை நம் பக்கம் திருப்புவார், வலது காது முப்பது வருட முக்குளிப்பில் போயிருந்தது. அதில் ஓயாத குத்தலும் இருந்தது. டாக்டரம்மாவும் நானும் அவரை அண்ணாச்சி என்போம். அவர் என்னைக் கவிஞரே என்பார். ஏசுவதற்கு அவரிடம் இருந்த சொற்களிலேயே மென்மையானது அதுதான்.

எந்த நத்தை வேண்டும் என்று டாக்டரம்மா படம் காட்டினார். கூம்பு மாதிரி, உடம்பெல்லாம் வலை பின்னினதுபோலக் கோடு. கையால் தொடக் கூடாது, நீளமான இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், கொட்டினால் ஆளே போய்விடலாம். வனத்துறையில் வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகலையும் கையில் கொடுத்தார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு வாரம் கழித்து ஒரு பையோடு வந்தார். ஆய்வுக்கூட மேசையில் கவிழ்த்தார். பன்னிரண்டு நத்தை ஓடுகள். கண்ணாடிபோல மின்னின. வேகவைத்து, சதையை நோண்டி எடுத்து, ஆசிட்டில் முக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றியிருந்தார்.

டாக்டரம்மா ஒன்றை எடுத்து உள்ளே எட்டிப்பார்த்தார். காலி.

"உள்ள இருந்தது எங்க அண்ணாச்சி?"

"அது நாத்தம்லா அடிக்கும். படிச்சவங்க இடம்னு சுத்தம் பண்ணிட்டேன்."

"எனக்கு அந்த நாத்தம்தான் வேணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தம்மாவுக்குச் சுகமில்லையோ என்று கேட்கிற பார்வை. இந்தக் கடற்கரையில் ஓட்டை விற்பார்கள், சதையைக் கொட்டுவார்கள். கொட்டுவதைக் கேட்டு வந்த முதல் ஆள் இவர். வேகவைத்த பானை இன்னும் வீட்டு வாசலில்தான் இருக்கிறது என்றார் அண்ணாச்சி, தேவையென்றால் கொண்டுவருகிறேன் என்றார். டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்து, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தப் பானையை நானும் போய்ப் பார்த்தேன். அந்த வாசம்தான் இன்றைக்கும் என்னைப் பேருந்தில் பிடிக்கிறது. பன்னிரண்டு ஓடும் அவர் மேசையில் வரிசையாக நின்றன, யாரும் கேட்காத கேள்விக்குப் பளபளப்பான பதில்களாக.

அடுத்த முறையிலிருந்து நத்தை உயிரோடு வந்தது. கடல்நீர் வாளியில், மூடி போட்டு.

வாளியோடு வரும்போதெல்லாம் அண்ணாச்சி ஒன்று கேட்பார். "நம்ம மருந்து எந்த மட்டுல இருக்கு?"

அவருடைய பெண்சாதி அந்தப் பத்திரிகைத் துண்டை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாராம். மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறதே, காதை அதுவரை தாங்கிக்கொள்ளலாம், அதன் பிறகு கடலுக்குள் போனாலும் வலிக்காது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார், கெஞ்சினார், ஒருமுறை தானே கூட்டிக்கொண்டும் போனார். கடலுக்குள் போவதை நிறுத்து என்று அங்கே சொன்னார்கள். "அதுக்கு மூச்ச நிறுத்துன்னு சொல்லிருக்கலாம்," என்றார் அண்ணாச்சி, மறுநாளும் போனார்.

இதெல்லாம் என் வரியின் வேலை. அந்த வரி என்னைவிடத் துடியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருடத்தின் நடுவில் ஒருநாள் வாளி இல்லாமல் வந்தார். வெறுங்கை. தலையில் உப்புத் தண்ணீர் காயவில்லை. படகிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன், ஏதோ ஒரு அறிக்கையில் ஆங்கிலம் திருத்த.

"டாக்டரம்மா, நம்ம கூம்பு நத்தை கொட்டித்தான மீனப் பிடிக்கும்?"

"ஆமா அண்ணாச்சி."

"இன்னைக்கு ஒண்ணு கொட்டல." கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டுக்கு இந்தக் கரையில் 'பார்' என்று பெயர். அந்தப் பாரின் நிழலில் ஒரு பெரிய நத்தையைக் கண்டிருக்கிறார். "வாய இப்படி வலை மாதிரி விரிச்சு வச்சுக்கிட்டு இருக்கு. கொட்டவும் இல்ல, வெரட்டவும் இல்ல. பக்கத்துல நாலஞ்சு குட்டி மீனு. ஓடணும்லா? ஓடல. கிறங்கிப்போய் நிக்கி. பெறவு ஒவ்வொண்ணா தானா உள்ள போவுது. மறுவீட்டுக்குப் போற மாப்பிள்ள மாதிரி."

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"என் மூச்சு இருக்குத மட்டும். பெறவு மேல வந்து, மூச்சு வாங்கிட்டு, மறுபடி போய்ப் பார்த்தேன். நாலு தடவ. சங்கு ஒண்ணு கூட எடுக்கல இன்னைக்கு. கூட வந்தவனுவ ஏசுதானுவ."

அதன் பிறகு டாக்டரம்மா கேட்ட கேள்விகளும் அண்ணாச்சி சொன்ன பதில்களும் ஒரு மணி நேரம் ஓடின. தண்ணீர் எப்படி இருந்தது, நீரோட்டம் எந்தப் பக்கம், மீன் வால் அசைந்ததா. திருத்த வந்த அறிக்கையை நான் மறந்தேன். இருவரும் என்னையும் மருந்தையும் மறந்திருந்தார்கள்.

பிறகு அந்த நத்தையே வாளியில் வந்தது. டாக்டரம்மா அதன் விஷத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரு துளியில் எதுவோ இருந்தது. தொட்டி நீரில் அதைக் கலந்தால் மீன் சாகாது, துடிக்காது, நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல நீந்தும். அது என்ன, மீனின் நரம்பில் எந்தக் கதவைச் சாத்துகிறது, யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியாததன் சந்தோஷத்தில் அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

அப்போதுதான் ஆய்வுக் குழு வந்தது. திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, மூடுவதா என்று பார்க்க மூன்று பேர். தில்லியிலிருந்து இருவர், ஹைதராபாத்திலிருந்து ஒருவர். நல்ல மனிதர்கள். மதியச் சாப்பாட்டில் சீலா மீனைப் பற்றி மூவரும் கேட்ட கேள்விகளில் ஓர் உண்மையான ஆராய்ச்சி மனம் இருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. படிவத்தில் 'பயனாளி' என்று ஒரு கட்டம் இருந்ததால் ஒரு பயனாளியை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். பயனாளியாக அண்ணாச்சி, மாதா கோயில் திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், சவரம் செய்த முகத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க நான்.

டாக்டரம்மா தொட்டியில் மீனை நிறுத்திக் காட்டினார். குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். ஏன் நிற்கிறது என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"மூன்று வருடம் கழித்துமா?"

"மூணு வருசம் கழிச்சுதான் சார், இது எங்களுக்குத் தெரியாதுன்னே தெரிஞ்சுது."

அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைத் தமிழில் எழுதுகிறேன். தலைவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளைப் புரட்டி, என் வரியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார். மனித வலிக்கு ஒரு பதில் உறங்குகிறது. படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நரகத்தில் என்னை எந்த இடத்தில் வைப்பார்கள் என்று அந்த நேரம் தெரிந்தது. என் வரிகளை யாராவது நிதானமாக உரக்கப் படித்துக்கொண்டிருக்கும் இடத்தில்.

"மருந்து எங்கே?" என்றார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவில்லை. "அப்படி எழுதியிருக்கக் கூடாது சார். என் தப்பு," என்றார்.

அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் திட்டத்தால் உங்களுக்குக் கிடைத்த பயன் என்ன என்று கேட்டார்கள். நான் தமிழில் கேட்டேன். இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"பயனா? மருந்து வரும்னாவ. ஒரு மண்ணும் வரல," என்றார் என்னிடம். "அப்படியே சொல்லும்."

நான் வாயைத் திறந்தேன். என்னால் அதை மாற்றிச் சொல்லியிருக்க முடியும். மருந்துக்காகக் கடலோர மக்கள் நம்பிக்கையோடு காத்திருக்கிறார்கள் என்று ஒரே மூச்சில் வந்திருக்கும். நாக்கு நுனியில் தயாராக நின்றது. டாக்டரம்மா இப்போது என்னைப் பார்த்தார். ஒரு மண்ணும் வரவில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் மரியாதையான சொல் இல்லை. உள்ளதைச் சொன்னேன்.

"இன்னும் இருக்கு," என்றார் அண்ணாச்சி. "முப்பது வருசமா கடலுக்குள்ள போறேன். மேல வந்தா எல்லாரும் கேக்குறது எத்தன சங்குன்னுதான். அங்கன என்ன பார்த்தன்னு ஒருத்தன் கேட்டதில்ல. இந்தம்மாதான் கேட்டாவ. நான் பார்த்தத உக்காந்து எழுதிக்கிட்டாவ. அத சொல்லும்."

சொன்னேன்.

"மூணு வருசத்துல மருந்துன்னு இந்தம்மா எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. இல்ல அண்ணாச்சி, ஆகாது அண்ணாச்சின்னுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னாவ. மூணு வருசம்னு எழுதினவரு வேற ஆளு. நல்லா எழுதுவாரு. அதுதான் வினை."

நிறுத்தினேன்.

"சொல்லும் கவிஞரே."

அதையும் சொன்னேன். யார் அந்த ஆள் என்று தலைவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் என்றேன். தொட்டியில் நின்றிருந்த மீன் வாலை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு நீந்த ஆரம்பித்தது. அதற்கு நேரம் ஆகிவிட்டது.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஆய்வின் தரத்தைப் பாராட்டுகிறார்கள். உறுதியளித்த பொருள் கிடைக்காததால் மேற்கொண்டு நிதி இல்லை. ஆறு மாதம் கால நீட்டிப்பு உண்டு, பணம் இல்லாமல். பட்டினி கிடப்பவருக்கு விரத நாளைக் கூட்டித் தந்ததுபோல. என் வரியை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். என் எழுத்தை ஒருவர் மேற்கோள் காட்டியது அதுதான் முதல் தடவை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். டாக்டரம்மா விஷக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க வரி இல்லேன்னா இந்த மூணு வருசமே கிடைச்சிருக்காது சார். அது இருந்ததால நாலாவது கிடைக்கல," என்றார்.

"அப்ப என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. நல்லாவே இருக்கு. அந்தச் சீட்டை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு வடக்கே உள்நாட்டு நகரம் ஒன்றில், கூடப் படித்த தோழியின் ஆய்வுக்கூடத்தில், குளிர்பெட்டியில் ஒரு தட்டும் ஒரு வருட வேலையும் கிடைத்தன. எங்கள் துறைமுகத்தில் நான் இறக்கிய பெட்டி கல்லூரிச் சொத்து, அதைக் கொண்டுபோக முடியாது. குப்பிகளை மட்டும் உலர்பனிக்கட்டி போட்ட தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, வாடகைக் காரின் பின் இருக்கையில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டார். காலை பத்து மணி. கல்லூரி வாசலில் நான், அவர், ஓட்டுநர். கிளம்பப் போகும்போது அண்ணாச்சி டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து நின்றார். வலது காதில் பஞ்சு வைத்திருந்தார்.

கார்க் கண்ணாடியில் குனிந்து உள்ளே பார்த்தார். "போற ஊர்ல கடல் இருக்கா டாக்டரம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

"பெறவு அங்கன போய் என்ன பாப்பிய?"

"இந்தக் குப்பியில இருக்கிறது தீர்ற வரைக்கும் பார்ப்பேன்."

"அந்த மீனு ஏன் தானா உள்ள போவுதுன்னு எப்ப தெரியும்?"

"பத்து வருசம் ஆகலாம். தெரியாமலே போனாலும் போயிரும் அண்ணாச்சி. நான் நாள் சொல்ல மாட்டேன்."

"சொல்லாண்டாம். இவரு சொன்னதே போதும்." என்னைப் பார்க்காமல் கட்டைவிரலை மட்டும் என் பக்கம் காட்டினார். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அண்ணாச்சி கதவை விடவில்லை. இடது காதைக் கண்ணாடிக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார்.

"தெரிஞ்சா எனக்கு ஒரு போன் போடுங்க. மருந்துக்கு இல்ல. எனக்கும் தெரியணும், அதுக்குத்தான்."

"போடுறேன் அண்ணாச்சி."

"மத்தியானத்துல போடாதிய. கடலுக்குள்ள இருப்பேன்."